சூறாவளிக்கு ஈடுகொடுக்கும் மின்சாரம்: சிறு தீவுகளின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் குறித்த கருத்தரங்கின் தலைமை உரை

சூரிய ஒளி, காற்று, ஆற்றுநீர், நிலத்தடி வெப்பம் ஆகியவற்றிலிருந்து கரீபியன் சிறு தீவுகள் பெறும் மின்சாரத்தை, ஹரிக்கேன் எனப்படும் அட்லாண்டிக் கடுஞ்சூறாவளியைத் தாங்கும்படி அமைப்பது எவ்வாறு என்பதே இக்கருத்தரங்கு எடுத்துக்கொண்ட பொருளாகும். இதில் மீள்திறன் என்னும் கலைச்சொல் அடிக்கடி வரும். அடி விழும்போது உடையாமல் நிற்பதும், உடைந்துவிட்டால் விரைந்து எழுவதும் ஆகிய இரண்டும் அச்சொல்லில் அடங்கும். முதலாவதைப் பற்றியே ஆய்வுலகம் மிகுதியாக எழுதிவருகிறது. தீவு மக்களின் அன்றாட வாழ்வைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் இரண்டாவதே.

இத்துறையின் இன்றைய சிந்தனைக்கு அடித்தளமிட்டது 2017ஆம் ஆண்டின் செப்டம்பர் மாதம். அம்மாதம் 6ஆம் நாள் இர்மா சூறாவளி பார்புடாவைத் தாக்கியதில் தீவின் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை சேதமுற, அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 1,800 பேரும் அண்டைத் தீவான ஆன்டிகுவாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 18ஆம் நாள் இரவு மரியா சூறாவளி, வலிமை அளவுகோலின் உச்சமான ஐந்தாம் வகை வலிமையுடன் டொமினிக்காவில் கரையேறியது. அதனால் ஏற்பட்ட இழப்பு அந்நாட்டின் ஆண்டு மொத்த உற்பத்தி மதிப்பில் 226 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. இரு நாள் கழித்து அதே சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோவின் மின்கட்டமைப்பு முழுவதையும் வீழ்த்த, கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஓராண்டு அளவுக்குக் காலம் பிடித்தது. பெருநிலத்தில் ஒரு மாவட்டம் இருளில் மூழ்கினால் அடுத்த மாவட்டத்திலிருந்து மின்சாரமும் கம்பமும் ஆளும் வந்து சேரும். தீவுக்கு அந்த வசதி இல்லை. துறைமுகம் மூடப்பட்டால் டீசலும் வாராது என்பதால், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அங்கே சுற்றுச்சூழல் நலன் என்ற அளவோடு நின்றுவிடாமல் உயிர்காப்பு ஏற்பாடாகவும் ஆகிறது.

காற்று ஒரு பரப்பின்மேல் செலுத்தும் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. ஐந்தாம் வகைச் சூறாவளியின் தொடக்க வேகமான மணிக்கு 252 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோகிராம் எடைக்கு நிகரான அழுத்தம் உண்டாகும். இரண்டு சதுர மீட்டர்ப் பரப்புள்ள ஒரு சோலார் தகடு எத்தகைய இழுப்புக்கு உள்ளாகிறது என்பதை இதிலிருந்து கணித்துக்கொள்ளலாம். எனினும் 2017இல் சிதைந்த சூரிய மின்நிலையங்களை ஆராய்ந்த ராக்கி மவுண்டன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, தகடுகளைவிட அவற்றைப் பிடித்திருந்த சிறு உறுப்புகளையே முதன்மைக் குற்றவாளிகளாகக் காட்டியது. அடுத்தடுத்த இரண்டு தகடுகளின் ஓரங்களை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் என்னும் பிடிப்பான், அவ்விரண்டுக்கும் பொதுவானது. ஒரு தகடு பிய்த்துக்கொண்டு போனால் அப்பிடிப்பானின் ஒரு பக்கம் வெறுமையாகி, மறுபக்கத் தகடும் பிடியிழக்கிறது. அது போனதும் அதற்கு அடுத்தது. இவ்வாறு ஒரே இடத்தில் தொடங்கிய பழுது வரிசை முழுவதையும் உரித்துக்கொண்டு போகிறது. மணிக்கணக்கில் நீடிக்கும் அதிர்வில் நட்டுகள் தாமாகவே சுழன்று தளர்வதும், போதிய முறுக்கு விசை கொடுக்காமல் போல்ட்டுகளை முடுக்கியிருந்ததும், தாங்குசட்டங்களுக்குப் பக்கவாட்டு முட்டு இல்லாமையும் இதனுடன் சேர்ந்தன. தப்பி நின்ற நிலையங்களிலோ தகட்டின் சட்டத்தில் துளையிட்டு ஊடுருவும் போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் பதித்து அதிர்வில் தளராதபடி செய்த நட்டும், கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்து வடிவிலான கணக்கீடும் காணப்பட்டன.

காற்றாலையின் நிலை வேறு. வழக்கமான காற்றாலை நொடிக்கு 25 மீட்டர் அளவில் காற்று வீசத் தொடங்கியதும் இறக்கைகளைத் திருப்பி வைத்துத் தன் ஓட்டத்தை நிறுத்திக்கொள்கிறது. ஆனால் காற்றின் திசை மாற மாறத் தலைப்பகுதியும் திரும்பியாக வேண்டும், அதற்கும் மின்சாரம் வேண்டும், மின்கட்டமைப்போ அதற்கு முன்பே விழுந்திருக்கும். புவேர்ட்டோ ரிக்கோவில் மரியா கரையேறிய இடத்துக்கு அண்மையில் நகுவாபோவிலிருந்த காற்றாலைப் பண்ணை பெருஞ்சேதமடைந்தது. தென்கரைச் சாண்டா இசபெல் பண்ணை பெரிய சேதமின்றித் தப்பியது. இரண்டும் ஒரே அளவு காற்றைச் சந்திக்கவில்லை என்பதால், இந்த ஒப்பீட்டிலிருந்து வடிவமைப்பு பற்றி அவசர முடிவெடுப்பது பொருந்தாது. குவாதலூப் தீவுகளில் கையாளப்படும் வழி எளிமையானது: அங்குள்ள சிறிய காற்றாலைகள் அடியில் கீல் வைத்த கம்பங்களில் நிற்பதால், எச்சரிக்கை வந்ததும் அவற்றைச் சாய்த்துத் தரையில் படுக்கவைத்துக் கட்டிவிடுகின்றனர். பேரளவு மின்னுற்பத்திக்கு இம்முறை உதவாது. சிறு தீவின் தேவையும் பேரளவினதன்று.

இவற்றையெல்லாம்விட இக்கருத்தரங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டியது, தகடுகள் கூரையில் அப்படியே இருந்தும் வீடுகள் இருண்டுகிடந்த நிலையாகும். மின்கட்டமைப்போடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், அதாவது தகட்டின் நேர்மின்சாரத்தை வீட்டுக்குரிய மாறுமின்சாரமாக மாற்றும் கருவி, வெளியே மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடுமாறு அமைக்கப்பட்டது. அறுந்த கம்பியில் வேலை செய்யும் மின்பணியாளரைக் காப்பதற்கான நியாயமான ஏற்பாடு அது. பேட்டரியும், வீட்டைக் கட்டமைப்பிலிருந்து பிரித்துத் தனித்து இயக்கும் வசதியும் இல்லாதவர்களுக்குத் தங்கள் கூரையின் மின்சாரம் கைக்கெட்டியும் வாய்க்கெட்டவில்லை. புவேர்ட்டோ ரிக்கோவின் மலையூரான அட்ஹுந்தாஸில் காசா பூவெப்லோ என்னும் மக்கள் அமைப்பின் கட்டடம் பேட்டரியுடன் இயங்கியதால், மரியாவுக்குப் பின் அவ்வூர் மக்கள் கைப்பேசிக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் மின்சாரம் தேடி அங்கே வந்தனர். 2022 செப்டம்பரில் ஃபியோனா சூறாவளி அத்தீவை மீண்டும் முழுமையாக இருட்டாக்கியபோது, பேட்டரி வைத்திருந்த வீடுகளில் விளக்கு எரிந்தது. ஆகவே ஒரு தீவு எத்தனை மெகாவாட் நிறுவியது என்ற கேள்வியைவிட, மருத்துவமனை, குடிநீர் ஏற்றும் நிலையம், புகலிடப் பள்ளி ஆகிய மூன்றும் கட்டமைப்பின் துணையின்றி எத்தனை நாள் இயங்கும் என்ற கேள்வியே பொருளுடையது.

ஆற்றுநீருக்கும் நிலத்தடி வெப்பத்துக்கும் வந்தால், டொமினிக்காவின் நீர்மின் நிலையங்களுக்கு வெள்ளமும் மண்சரிவும் காற்றைவிடப் பெரிய பகை. அந்நாட்டின் ரோசோ பள்ளத்தாக்கின் புவிவெப்பத் திட்டம் நிலத்துக்குள்ளிருந்து ஆற்றலைப் பெறுவது பெரிய நற்பேறுதான். ஆயினும் அம்மின்சாரம் ஊரை அடைய வேண்டிய கம்பி நிலத்துக்கு மேல் செல்லும் இடமெல்லாம் பழைய சிக்கல் தொடரும்.

செலவு அதிகம் என்ற மறுப்பு வழக்கமாக எழுவது. மூன்றாம் வகைச் சூறாவளிக்கென அமைக்கும் சூரிய மின்நிலையத்தை ஐந்தாம் வகைக்கு உயர்த்த ஆகும் கூடுதல் கட்டுமானச் செலவு ஏறத்தாழ 5 விழுக்காடே என்று முன்னர்க் குறிப்பிட்ட ராக்கி மவுண்டன் நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் அது செய்யப்படாமல் போவதற்குக் காரணம் பணமுடை என்று கொள்வது கடினம். ஒப்பந்தத்தில் அதைக் கேட்பாரும், கட்டி முடித்த பின் போல்ட்டுகளின் முறுக்கைச் சோதித்துக் கையெழுத்திடுவாரும் இல்லாமையே காரணம் எனத் தோன்றுகிறது. 2024 ஜூலை 1ஆம் நாள் பெரில் சூறாவளி கிரெனடாவின் கரியாக்கூ தீவைச் சூறையாடியபோதும் எழுந்தவை, கேட்டவர் யார், சோதித்தவர் யார் என்னும் இதே கேள்விகளே.

தமிழ் ஆய்வாளர்களுக்கும் இது தொலைதூரச் செய்தியாகாது. இலங்கையின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் இந்திய நிதியுதவியுடன் கலப்பு ஆற்றல் திட்டத்தை நிறைவேற்ற 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. அக்கடற்பகுதி 1964 டிசம்பர்ப் புயலைக் கண்ட பகுதியாகும்.

கட்டுரை வழங்கவிருப்போரிடம் இத்தலைமை ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறது: நின்ற நிலையங்களோடு விழுந்தவற்றையும், எந்த உறுப்பு முதலில் விட்டது என்னும் விவரத்தோடும் படங்களோடும் பதிவுசெய்து, ஒப்பந்தக்காரர் கூச்சப்பட்டாலும் அவற்றை வெளியிடுங்கள். அடுத்து வரும் முதல் அமர்வு தாங்குசட்டங்களின் வடிவமைப்புப் பற்றியது.