சத்திரத்தின் நள்ளிரவு மணி



திருத்தல யாத்திரை கால்நடையாகவே நிகழ்ந்த காலத்தில், வழிநடைப் பயணிகளுக்குத் தாயாகவும் தந்தையாகவும் விளங்கியவை சத்திரங்கள். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இவ்வறத்தில் தலைசிறந்து நின்றனர். நீடாமங்கலம் யமுனாம்பாள் சத்திரமும், இரண்டாம் சரபோஜி மன்னர் 1802ஆம் ஆண்டு ஒரத்தநாட்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரமும் அவ்வறத்தின் சான்றுகளாகும்.

சத்திரம் கட்டுதல் எளிது. அதை நாள்தோறும் நடத்துதல் அரிது. அன்னமிடுதல் இடையறாது நடக்க வேண்டுமெனில் நிலையான வருவாய் வேண்டும். அதன்பொருட்டே விளைநிலங்கள் மானியமாக விடப்பட்டன.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. மானியங்கள் குறைந்தால் அடுப்புகள் அணைந்துவிடும் என்று மன்னர் கவலையுற்றார். 1801ஆம் ஆண்டு ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு மடல் எழுதி, சத்திரங்களின் வருவாய்க்குக் குறைவு நேராதிருக்க வேண்டினார். தம் நாடு தர்மராஜ்யம் எனப் பெயர் பெற்றிருப்பதையே தமக்குரிய பெருமையாக அவர் கருதினார்.

அம்மடல் காட்டும் நிர்வாக முறை வியக்கத்தக்கது. சாதி வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு வழங்கப்பட்டது. சமைத்த உணவு கொள்ளாதோர்க்கு அரிசியும் பிற பொருள்களும் அளிக்கப்பட்டன. நோயுற்றோர்க்கும் நஞ்சு தீண்டியோர்க்கும் மருத்துவர் இருந்தனர். ஆதரவற்ற குழந்தைகள் ஆசிரியரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டு, உணவும் உடையும் கல்வியும் பெற்றனர். கருவுற்ற பெண்கள் பரிவுடன் பேணப்பட்டனர். வழியில் உயிர் நீத்தோர்க்கு ஈமக்கடனும் ஆற்றப்பட்டது.

இவை எல்லாவற்றினும் மேலானது ஒன்று உண்டு. நள்ளிரவில் மணி ஒலிக்கச் செய்து, உண்ணாதவர் எவரேனும் இருப்பின் வந்து உண்ணுமாறு கூவி அழைப்பர். வந்தவர்க்கு இட்டதோடு கடமை முடிந்ததென்று அவர்கள் எண்ணவில்லை. இருளில் தளர்ந்து வரும் கடைசி வழிப்போக்கரையும் தேடிச் சென்றது அம்மணியோசை.

விருந்தோம்பலுக்கென்றே தனி அதிகாரம் வகுத்தார் திருவள்ளுவர். இன்று பேருந்திலும் இரயிலிலும் யாத்திரை செல்கிறோம். ஆயினும் களைப்பும் பசியும் மாறவில்லை. விடுதி நடத்துவோர், பின்னிரவில் வந்து கதவைத் தட்டும் முதியவரை இன்முகத்துடன் வரவேற்றல் வேண்டும். தங்குவோர், அடுத்து வருபவரை எண்ணி அறையைத் தூய்மையாக விட்டுச் செல்லல் வேண்டும். அன்னதானத்தில் அமர்வோர், இலையில் சோற்றை வீணாக்காதிருத்தல் வேண்டும். பசித்தவர் ஒருவரும் விடுபடலாகாது என்னும் எண்ணம் உள்ளத்தில் நிலைத்தால், அதுவே ஆண்டவனுக்கு உகந்த வழிபாடாகும்.