லாச்சிக்குள் கிடக்கும் கடிதம்

(சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



லண்டன் ஷோர்டிச் பக்கம் ஒரு பழைய செங்கல் கட்டடம் இருக்கிறது. இன்று அங்கே சர்க்கஸ் பழக்குகிறார்கள். அதன் முகப்பில் லத்தீனில் ஒரு வசனம். ‘தூசியிலிருந்து ஒளியும் வலுவும்’ என்று பொருளாம். 1897 இல் அந்த இடத்தில் ஊர்க் குப்பையை எரித்து மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் வேலை செய்கிற எனக்கு, இதை எந்தக் கம்பனி செய்தது என்று அறிய ஆசை வந்தது. கம்பனி இல்லை, ‘வெஸ்ட்ரி’ என்ற ஊர்ச்சபை என்று அறிந்தேன்.

வெஸ்ட்ரி என்றால் தேவாலயத்தில் குருவானவர் உடுப்பு மாற்றுகிற அறை. பரிஷ் ஆக்கள் அந்த அறையில் கூடி ஊர் அலுவல் கதைத்தபடியால் சபைக்கே அந்தப் பெயர் வந்தது. பரிஷ் எங்களுக்குப் புதிதல்ல. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தையும் கோயிற்பற்றுகளாகப் பிரித்துத்தான் ஆண்டார்கள்.

விக்டோரியா மகாராணி காலத்தின் பெரும்பகுதியில் இவ்வளவு பெரிய லண்டன் முழுவதற்கும் ஒரு மாநகரசபை இருக்கவில்லை. 1855 ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய பரிஷ்களுக்கு வாக்குப் போட்டுத் தெரிவுசெய்யும் வெஸ்ட்ரிகளை அமைத்தது. சின்னப் பரிஷ்களை ஒன்றுசேர்த்து மாவட்டச் சபைகளை வைத்தது. தெரு, விளக்கு, குப்பை, உள்ளூர்க் கழிவு வாய்க்கால் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒவ்வொரு சபையும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரியையும் நியமிக்க வேண்டும்.

அந்தக் கதிரைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் கடைக்காரரும் சிறு முதலாளிமாரும்தான். வாக்கு, ஊர்வரிப் புத்தகத்தில் பேர் உள்ளவர்களுக்கு. அவர்களிலும் கனபேர் வாக்குப் போடப் போவதில்லை. பிறகென்ன நடக்கும்? தொழிலாளர் வீடுகளை விசாரித்த அரச ஆணைக்குழு 1885 இல் சொன்னது: கிளார்க்கன்வெல் வெஸ்ட்ரியில், வீடுகளை எடுத்து அறை அறையாக வாடகைக்கு விடுகிறவர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். ஊத்தை வீட்டைப் பரிசோதிக்க ஆள் வைக்க வேண்டியவரே வீட்டுக்காரர்! அந்த அறைகளில் இருமிக்கொண்டு கிடந்த பிள்ளைகளுக்காகக் கதைக்க அங்கே ஆள் குறைவு.

ஷோர்டிச்சும் பணக்காரப் பரிஷ் இல்லை. ஆனால் அங்கே வெஸ்ட்ரி குப்பையில் இருந்து தெருவுக்கு வெளிச்சம் கொடுத்தது. சட்டம் ஒன்றுதான். கதிரையில் யார் இருந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கிடைத்த உரிமையும் தானாக நிற்காது. 1894 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெண்களும் வெஸ்ட்ரிக்குத் தெரிவாகலாம் என்று வந்தது. 1899 இல் வேறு சட்டம் வந்து, அடுத்த வருடம் வெஸ்ட்ரிகள் போய் 28 பரோக்கள் வந்தன. அந்தச் சபைகளில் பெண்களுக்கு இடமில்லை என்று விட்டார்கள். 1907 இல் தான் திரும்பக் கிடைத்தது.

இனி எங்கட கதைக்கு வாறன். கவுன்சிலில் இருந்து வாக்காளர் பதிவுக் கடிதம் வரும். நாங்கள் லாச்சிக்குள் போட்டு மூடிவிடுவோம். ஏன் என்று எனக்கும் தெரியும். ஊரில் வீட்டுக்கு வந்து பேர்ப் பட்டியல் எடுத்தால் அம்மா நடுங்குவா. பேர் எழுதினால் பிறகு ஆள் தேடி வரும் என்ற பயம். யாழ்ப்பாண மாநகர சபைக்கு 1983 இற்குப் பிறகு 1998 இல் தானே தேர்தல் வைத்தார்கள். எங்களுக்கு எங்கே இந்தப் பழக்கம்?

ஆனால் இங்கே பேர் இல்லாதவனுக்குத்தான் நட்டம். இலங்கைப் பிரஜை பொதுநலவாய நாட்டவர். தங்க அனுமதி கிடைத்தவர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமலே பதியலாம், கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். வழக்கு முடியாத ஆக்கள் முதலில் சொலிசிட்டரிடம் கேளுங்கோ. நாங்களும் கவுன்சில் வரி கட்டுகிறோம். எங்கட சுவரிலும் பூஞ்சணம் பிடிக்கிறது. எங்கட ஆக்களிலும் அறை அறையாக வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கினம், குறை நினைக்க வேண்டாம்.

புத்தாண்டுக்கு வீட்டைத் துப்புரவாக்கும்போது லாச்சியையும் ஒருக்கா திறந்து பாருங்கோ. அந்தக் கடிதம் கிடந்தால் சங்கத்துக்குக் கொண்டு வாங்கோ. இருந்து நிரப்பித் தர நான் தயார்.