பிளக் மரை போனா சிலிண்டரைத் தூக்கிப் போடணுமா?

இன்னைக்குக் கொஞ்சம் கிரீஸ் கையோட பேசப் போறோம்.

கம்பம் பக்கத்துல இருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்திருந்தது. காலேஜ் மூணாவது வருஷம் படிக்கிற தம்பி. வீட்ல பன்னீர் திராட்சைத் தோட்டம். அவர் சொன்னதை அப்படியே சொல்றேன்: "அண்ணா, மருந்தடிக்கிற மிஷின்ல பிளக் மரை அழிஞ்சு போச்சு. பிளக்கைப் போட்டா சும்மா சுத்துது. அப்பா எம்-சீல் வச்சு ஒட்டிரலாம்ங்கிறாரு. லேத் பட்டறையில பித்தளைப் புஷ் போட்டுத் தர்றேங்கிறாங்க. கடையில கேட்டா சிலிண்டரையே மாத்துங்கிறாங்க. யூடியூப்ல பார்த்தா ஒருத்தர் பழைய விமான என்ஜினுக்கு ஏதோ ஸ்பிரிங் மாதிரி ஒண்ணைத் திருகி உள்ள விடுறாரு. எதைண்ணா நம்புறது?"

நாலு யோசனை, நாலு பேர். நான் சின்னமனூர்க்காரன். மெக்கானிக்கல் படிச்சிட்டு இப்ப ஜாவா எழுதுற கூட்டத்துல ஒருத்தன். இந்தக் கேள்வியைக் கேட்டதும் ஆபீஸ் வேலையை விட இதுல ஆர்வம் வந்துருச்சு. அதுவும் அந்தத் தம்பி கடைசியா ஒரு வரி சேர்த்திருந்தார்: "மழை பிடிச்சிருச்சுண்ணா."

நகரத்துல இருந்து கேட்கிறவங்களுக்கு அந்த வரி ஏன் முக்கியம்னு சொல்லிடறேன். கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சை 2023-ல புவிசார் குறியீடு வாங்கின பழம். வருஷம் முழுக்க எங்கயாவது ஒரு தோட்டத்துல அறுப்பு நடந்துக்கிட்டே இருக்கும். பந்தல்ல இலை ஈரமாவே இருந்தா அடிச்சாம்பல் நோய் வரும். இலைக்கு அடியில வெள்ளையா பூத்து, பூங்கொத்தைக் கருக்கிட்டுப் போயிரும். மழை விட்ட இடைவெளியில மருந்தடிச்சாகணும். அந்த நேரத்துல மிஷின் படுத்துருச்சுன்னா, மதுரையில இருந்து சிலிண்டர் வர்ற வரைக்கும் நோய் காத்திருக்காது.

முதல்ல எம்-சீல். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், தண்ணித் தொட்டி ஓட்டைக்கு அது பிரமாதமான சாமான். ஆனா பிளக் உட்கார்ற இடத்துல கணக்கு வேற. 14 மில்லிமீட்டர் துளை, பரப்பு சுமார் ஒன்றரை சதுர சென்டிமீட்டர். உள்ளே பெட்ரோல் வெடிக்கும்போது அழுத்தம் 30 பார்னு வச்சுக்கோங்க. பிளக்கை வெளியே தள்ளுற விசை ஏறக்குறைய 45 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி. இது டூ ஸ்ட்ரோக் என்ஜின், நிமிஷத்துக்கு 6,000 சுத்து ஓடுதுன்னா செகண்டுக்கு 100 தடவை அந்த மூட்டை அடியில இருந்து இடிக்குது. கூடவே சூடு. அந்தப் பசை எத்தனை நிமிஷம் தாங்கும்னு நீங்களே சொல்லுங்க. பிளக் பறந்து வந்தா, மிஷினை முதுகுல மாட்டியிருக்கிறவருக்குப் பின்னாடியேதான் அந்த என்ஜின் இருக்கு.

சரி, மரை ஏன் அழியுது? சிலிண்டர் அலுமினியம், பிளக் இரும்பு. மெத்துனு இருக்கிற உலோகத்துல கெட்டியான உலோகத்தைத் திருகுறோம். டூ ஸ்ட்ரோக்ல ஆயில் கலந்த பெட்ரோல், பிளக்ல கரி பிடிக்கும். அதனால அடிக்கடி கழட்டித் துடைச்சு மாட்டுறோம். பெரும்பாலும் என்ஜின் சூடா இருக்கும்போதே கழட்டுவோம், மரையில ஒட்டின கரி அலுமினியத்தைச் சீவிக்கிட்டே வரும். திரும்ப மாட்டும்போது கோணலா ஏறும். "ஏறலையே"ன்னு பானாவுல ஒரு பைப்பைச் சொருகி இறுக்குவோம். கதை முடிஞ்சது. ஒரு ஆளைப் பார்த்து "மரை கழண்ட கேஸ்"னு நாம சிரிக்கிறோமே, அந்த வார்த்தை பட்டறையில இருந்து வந்ததுதான். அங்க யாரும் சிரிக்க மாட்டாங்க.

அப்போ ஏன் அலுமினியம்? எடை. 1903-ல ரைட் சகோதரர்களுக்காக சார்லி டெய்லர் செஞ்சு கொடுத்த என்ஜின்லயே உடம்புப் பகுதி அலுமினிய வார்ப்புதான். 12 குதிரைசக்தி. முதுகுல சுமக்கிற மிஷினுக்கும் வானத்துல போற மிஷினுக்கும் அந்த விஷயத்துல ஒரே கவலை. சூட்டை வேகமா வெளியே கடத்துறதும் அலுமினியத்தோட பலம். அதனாலதான் முதுகுல சுமக்கிற மிஷின்லயும் நிறைய சின்ன விமான என்ஜின்கள்லயும் தண்ணி கிடையாது, செதில் செதிலா தகடு வச்சுக் காத்துலயே குளிர வைக்கிறாங்க.

நம்ம நாட்டு உதாரணம் ஒண்ணு: புஷ்பக். பெங்களூருல எச்.ஏ.எல். செஞ்ச, ரெண்டு பேர் உட்கார்ற குட்டி விமானம். முதல்ல பறந்தது 1958-ல. நாடு முழுக்க ஃபிளையிங் கிளப்புகள்ல பயிற்சிக்கு ஓடினது. அதுல இருந்த கான்டினென்டல் சி90 என்ஜின் 90 குதிரைசக்தி. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டுன்னு நாலு சிலிண்டர். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பிளக், மொத்தம் எட்டு. பிளக் மரை 18 மில்லிமீட்டர், நம்ம மிஷினோடதை விடப் பெருசு.

ரெண்டு பிளக் எதுக்குன்னா, ஒண்ணு தீப்பொறி விடலைன்னா இன்னொண்ணு காப்பாத்தும். சாஃப்ட்வேர்காரங்களுக்குப் பழகின ஏற்பாடு. ஆனா ஒரு பிளக் மரையோட பிச்சுக்கிட்டுப் போச்சுன்னா ரெண்டாவது பிளக்கால ஒரு பிரயோஜனமும் இல்ல. துளை வழியா அழுத்தமெல்லாம் வெளியே போயிரும், அந்தச் சிலிண்டரே செத்துப் போச்சு. நாலுல ஒண்ணு போனா விமானம் மேல ஏறத் திணறும். வெளியே வர்ற நெருப்புக் காத்து மூடிக்குள்ள இருக்கிற ஒயரையும் பெட்ரோல் பைப்பையும் பார்த்து அடிக்கும். மேல போனப்புறம் ஓரமா நிறுத்திப் பார்க்க முடியாது. அதனாலதான் விமானக்காரங்க இந்தச் சின்ன மரையைப் பத்தி இவ்வளவு யோசிச்சாங்க.

அவங்க கண்டுபிடிச்ச வழிதான் தம்பி யூடியூப்ல பார்த்த ஸ்பிரிங். ஹெலிகாயில்னு பிராண்ட் பேர்லயே சொல்றாங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, வெட்டிப் பார்த்தா சாய்சதுரமா இருக்கும், அதைச் சுருளாச் சுத்தியிருப்பாங்க. அழிஞ்ச துளையில கொஞ்சம் பெரிய மரை வெட்டி, இந்தச் சுருளைத் திருகி உள்ள விட்டா, சுருளோட உள்பக்கம் பழைய அளவு மரையா வந்து நிக்கும். பழைய பிளக்கையே போடலாம். சுருள் துளையை விட ஒரு பொடி பெருசு, அமுங்கித்தான் உள்ள போகும். அதனால எப்பவும் வெளிப்பக்கமாத் தள்ளிக்கிட்டு, தானாப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான என்ஜின்கள்ல இது பரவலாச்சு. இப்ப லைகமிங், கான்டினென்டல் சிலிண்டர்கள்ல பிளக் துளைக்கு ஃபாக்டரியிலேயே இந்தச் சுருளைப் போட்டுத்தான் அனுப்புறாங்க. நாம ரிப்பேருக்குத் தேடுறது அங்க டிசைன்லயே இருக்கு.

இப்ப லேத் பட்டறை அண்ணனோட பித்தளைப் புஷ்ஷுக்கு வர்றேன். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். யூடியூப் பார்த்துட்டு வர்ற நம்ம ஆளுங்க உடனே "அது ஊர் வேலை, இது ஏரோஸ்பேஸ்"னு சொல்லிருவாங்க. அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்க.

புஷ்ஷோட வெளி விட்டம் 18 மில்லிமீட்டர், சூடு 150 டிகிரி ஏறுதுன்னு வச்சுப்போம். அலுமினியத் துளை ஏறக்குறைய 0.062 மில்லிமீட்டர் விரியும். இரும்புப் புஷ்னா 0.032 தான் விரியும். இடைவெளி 0.03. பித்தளைப் புஷ் 0.051 விரியும், இடைவெளி 0.011 தான். அதாவது, இரும்பை விடப் பித்தளை அலுமினியத்தோட கூடவே வளரும். இரும்புல சாதா புஷ் போட்டா சூட்டுல லூஸாகி, ஒருநாள் பிளக்கைக் கழட்டும்போது புஷ்ஷும் சேர்ந்து வந்துரும். நான் ஊருக்குப் போனப்ப ஒரு பட்டறையில இதைக் கேட்டேன். அந்த அண்ணன், "இரும்பு போட்டா கூடவே வந்துரும் தம்பி, பித்தளைதான் நிக்கும்"னாரு. கணக்கு எதுவும் போடல, கழண்டு வந்த புஷ்களைப் பார்த்தே கத்துக்கிட்டது. பழைய காலத்து விமான என்ஜின்கள்லயும் பிளக் துளையில வெண்கலப் புஷ்தான் போட்டாங்க, சுத்தாம இருக்க ஒரு பின்னும் அடிச்சாங்க. நம்ம லேத் அண்ணன் செய்யறது அதோட தம்பி வேலை.

அப்போ ரெண்டுல எது? தம்பியோட மிஷினுக்கு நான் சுருளைத்தான் சொல்வேன். புஷ்ஷுக்கு நிறைய அலுமினியத்தைக் குடையணும், சின்ன சிலிண்டர்ல பிளக்கைச் சுத்தி அவ்வளவு சதை இருக்காது. சுருளுக்குக் கொஞ்சம் வெட்டினா போதும். ஏற்கனவே புஷ் போட்டு அதுவும் போச்சுன்னாதான் பெரிய புஷ் பத்தி யோசிக்கணும்.

வேலையில கவனிக்க வேண்டியது மூணு நாலுதான், ஆனா ஒண்ணை விட்டாலும் சிலிண்டர் போச்சு. சிலிண்டரைக் கழட்டிட்டுச் செய்யுங்க. மாட்டின மேனிக்கே மரை வெட்டினா அலுமினியத் தூள் உள்ள விழும். டூ ஸ்ட்ரோக்ல சிலிண்டர் சுவர்லயே வழி இருக்கு, தூள் நேரா கீழ கிராங்க் பேரிங்குக்குப் போயிரும். வீடியோவுல டேப்புல கிரீஸ் தடவிட்டு அப்படியே வெட்டுவாங்க, கிரீஸ் பாதித் தூளைத்தான் பிடிக்கும். அடுத்தது, டேப் நேரா இறங்கணும். கொஞ்சம் சாய்ஞ்சாலும் பிளக்கோட வாஷர் ஒரு பக்கமாத்தான் உட்காரும், மறுபக்கம் கசியும். சுருள் மேல்முகத்துக்குக் கால் சுத்து கீழ நிக்கணும். ரொம்ப இறங்கி உள்பக்கம் கம்பி நீட்டிக்கிட்டு இருந்தா, அது சூட்டுல சிவந்து தீப்பொறிக்கு முன்னாடியே பெட்ரோலைப் பத்த வச்சுரும். பிஸ்டன் ஓட்டையாக அது போதும். அதனால சுருளோட நீளம் முக்கியம். கிட் வாங்குறதுக்கு முன்னாடி பிளக் மரையோட நீளத்தை அளந்துக்கோங்க, 9.5, 12.7, 19னு மில்லிமீட்டர்ல வேற வேற வரும். மரை அளவு 14க்கு 1.25-ஆன்னும் பார்த்துக்கோங்க.

அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை. சிலிண்டரைப் பெட்ரோல்ல கழுவி, பிளக் துளையைச் சுத்தி நல்ல வெளிச்சத்துல பாருங்க. முடி மாதிரி ஒரு விரிசல் துளையில இருந்து கிளம்பியிருந்தா, சுருளும் வேண்டாம் புஷ்ஷும் வேண்டாம். அந்த இடத்துல கடைக்காரர் சொன்னதுதான் சரி, சிலிண்டரை மாத்துங்க.

விமானத்துல இந்த முடிவை மெக்கானிக் தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. எந்தத் துளையில எவ்வளவு வரைக்கும் வெட்டலாம், போட்ட சுருளும் போச்சுன்னா அடுத்த அளவு போடலாமா, எப்ப சிலிண்டரையே ஒதுக்கணும்னு மேனுவல்ல இருக்கும். டி.ஜி.சி.ஏ. லைசென்ஸ் உள்ள பராமரிப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, என்ஜின் லாக் புக்ல எழுதணும். பத்து வருஷம் கழிச்சு வேற யாரோ அந்தச் சிலிண்டரைத் திறக்கும்போது, இந்தத் துளை ஏற்கனவே ஒரு தடவை வெட்டினதுன்னு தெரியணும். தெரியலைன்னா இன்னொரு தடவை வெட்டுவாங்க. கமிட் மெசேஜ் எழுதாம புஷ் பண்றவங்க கொஞ்சம் காதுல வாங்கிக்கோங்க. நம்ம மருந்தடிக்கிற மிஷினுக்கு லாக் புக் கிடையாது. ஆனா டேங்க் மேல மார்க்கர்ல "பிளக்ல சுருள் போட்டாச்சு"ன்னு தேதியோட எழுதி வைக்க யார் தடுக்கிறாங்க?

மாட்டும்போது: என்ஜின் ஆறின பிறகு, முதல்ல கையாலயே கடைசி வரைக்கும் திருகுங்க. கையால ஏறலைன்னா கோணல்னு அர்த்தம், வெளியே எடுங்க. வாஷர் புதுசுன்னா பானாவால அரைச் சுத்துக்குக் கொஞ்சம் கூட. பழைய வாஷர்னா அதை விட ரொம்பக் கம்மி, பிடிச்சதும் நிறுத்திருங்க. பைப் சொருகுற வேலையே வேண்டாம்.

தம்பி, இந்த எபிசோடு வர்றதுக்குள்ள மழை விட்டிருக்கலாம். அவசரம்னா அன்னைக்கு மட்டும் பக்கத்துத் தோட்டத்து மிஷினை வாங்கி மருந்தடிச்சிருங்க, உங்க சிலிண்டரை நிதானமாச் செய்யலாம். விரிசல் இருக்கா இல்லையான்னு பார்த்துட்டு ஒரு போட்டோ அனுப்புங்க. அடுத்த வாரம், நம்ம ஊர் கிணத்து மோட்டார்ல பேரிங் சத்தத்தை வச்சே என்ன கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு பேசலாம்.