ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ரிப்போர்ட் என்ன சொல்கிறது?

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் அல்ல, பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். ஆனால் பெங்களூரில் நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு பன்னேர்கட்டா ரோடு ஜெயதேவா ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்கிறது. அதனால் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

டிரெட்மில் டெஸ்டில் 3 நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். அமெரிக்க டாக்டர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை இது. ஈ.சி.ஜி. மாறுதல் மட்டுமல்ல, எவ்வளவு நேரம் நடந்தோம் என்பதே ஒரு ஜோசியம். 6,213 ஆண்களைப் பற்றி 2002-ல் வெளியான ஆய்வு, உழைக்கும் திறன் ஒரு படி கூடினால் உயிர் வாழும் வாய்ப்பு 12 சதவிகிதம் கூடுவதாகக் கண்டது.

முட்டிவலியால் நடக்க முடியாதவர்களுக்கு, இதயத்துக்கு வேலை கொடுப்பது போன்ற மருந்தை ஊசியில் செலுத்தி நியூக்ளியர் ஸ்கேன் எடுப்பார்கள். இதற்குப் பெரும்பாலும் உபயோகிக்கும் டெக்னீஷியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ரத்தம் நன்றாகப் பாயும் இடத்தில் அது படியும். ஓய்வில் நன்றாகத் தெரிந்து, சிரமத்தில் மங்கினால் அங்கே ரத்தம் போதவில்லை. இரண்டிலும் மங்கினால் பெரும்பாலும் பழைய தழும்பு. படம் நார்மல் என்றால், பொதுவாக ஒரு வருஷத்தில் மாரடைப்போ இதய மரணமோ வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சற்று அதிகம்.

சரி, ரிப்போர்ட் பாசிடிவ்? அமெரிக்காவிலிருந்து பிள்ளை போனில், "அப்பா, உடனே ஸ்டென்ட் வெச்சுக்கோங்கோ" என்பான். இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்த 'இஸ்கீமியா' ஆய்வு 2020-ல் வெளிவந்தது. எல்லோருக்கும் டெஸ்டில் கணிசமான குறை. ஒரு பாதிக்கு ஆஞ்சியோகிராம் செய்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறுபாதிக்கு முதலில் மருந்து மட்டும். சுமார் 3 வருஷம் கவனித்ததில் மாரடைப்பு, மரணம் இவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி இருந்தவர்களுக்கு முதல் வழியில் வலி நன்றாகக் குறைந்தது.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: குறை எவ்வளவு பகுதியில்? இடது பிரதானக் குழாயில் அடைப்பு உண்டா? பம்பிங் எப்படி? பின் இரண்டும் மோசமானவர்கள் அந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்குக் கணக்கு வேறு.

உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அழுத்தி வியர்த்தால், கேள்வியும் வேண்டாம், டெஸ்டும் வேண்டாம். நேரே எமர்ஜென்ஸி போங்கள்.