மருதாணி இரவு யாருக்காக?

(மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சில மாதங்களுக்கு முன் ஒரு வாப்பா நம் அறக்கட்டளைக்கு வந்தார். மகளுக்கு நிக்காஹ் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணை கேட்கவில்லை. மஹரையும் முன்பே கொடுத்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அவர் வட்டியில்லாக் கடன் கேட்டார். எதற்கென்றால், மருதாணி இரவுக்கு. மண்டபம், மேடை அலங்காரம், தோழிகளுக்கு ஒரே நிறத்தில் உடை, வீடியோ. "மகள் எதுவும் கேட்கவில்லை. சொந்தக்காரங்க என்ன சொல்வாங்களோன்னுதான்" என்றார்.

கடனைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசினோம். அன்று பேசியதையே இங்கும் சொல்கிறோம்.

முதலில் ஒன்று. மகிழ்ச்சி தவறல்ல. ஒரு மணப்பெண்ணை அன்சாரித் தோழரின் வீட்டுக்கு அனுப்பிவைத்தபோது, அன்சாரிகளுக்குப் பிரியமான களிப்பு எதுவும் இல்லையா என்று நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களிடம் விசாரித்த செய்தி புகாரியில் இருக்கிறது. நாம் கவலைப்படுவது சிரிப்பைப் பற்றி அல்ல, கடனைப் பற்றித்தான்.

எனவே திட்டமிடும்போது முதலில் மணப்பெண்ணைக் கேளுங்கள். யார் வர வேண்டும், எத்தனை பேர், பாட்டு வேண்டுமா, அமைதியாக இருக்க வேண்டுமா? அவள் சொல்வதை எழுதிக்கொண்டு, பிறகு செலவைப் பேசுங்கள்.

மருதாணியை நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்பே போடுங்கள். இலைச் சாயம் முதலில் ஆரஞ்சாகத்தான் தெரியும். ஒன்றிரண்டு நாளில்தான் நன்றாகச் சிவக்கும். பிள்ளைக்குத் தூங்கவும் நேரம் கிடைக்கும். இஷா தொழுதுவிட்டு ஆரம்பித்தால், ஃபஜ்ருக்கு உளூச் செய்யும் முன் காய்ந்த பூச்சை எடுத்துவிடலாம். தோலில் ஏறிய நிறம் உளூவுக்குத் தடையல்ல.

கறுப்பு மெஹந்தி கோனை வாங்காதீர்கள். மருதாணி இலை ஒருபோதும் கறுப்பாகப் பிடிக்காது. ஒரு மணி நேரத்தில் கறுத்தால், அதில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கலாம். கை கொப்பளித்துத் தழும்பாகிவிடலாம். பின்னாளில் தலைக்குச் சாயம் பூசினாலும் கடுமையான ஒவ்வாமை வரலாம். கல்யாணத்தன்று கட்டுப்போட்ட கையோடு மகளை அனுப்ப எந்த உம்மாவுக்கு மனம் வரும்? வீட்டில் அரைத்த இலை போதும்.

சாப்பாட்டுக்குக் கேட்டரிங் வேண்டாம். மாமி வட்டலாப்பம், சாச்சி சமோசா, பக்கத்து வீட்டு ராத்தா சுக்கு காபி என்று பகிர்ந்துகொண்டால் செலவு ஒரு வீட்டின் தலையில் விழாது.

செல்போன்களை வாசலில் ஒரு கூடையில் போடச் சொல்லுங்கள். பர்தா இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படம் யாருடைய ஸ்டேட்டஸிலும் ஏறக்கூடாது. மணப்பெண் விரும்பினால் ஒருவர் மட்டும் படமெடுத்து அவளிடமே கொடுக்கட்டும்.

கேலியிலும் அளவு வேண்டும். "சிவக்கலையே, மாப்பிள்ளைக்குப் பிரியம் இல்லையோ" என்று சொல்லாதீர்கள். நிறம் இலையையும் தோலையும் பொறுத்தது. உடம்பையும் நிறத்தையும் வைத்துச் சிரித்த சிரிப்பு அவள் மனதில் பல வருடம் கிடக்கும்.

கடைசியாக, யாரையும் ஒதுக்காதீர்கள். கணவரை இழந்த பெண் மருதாணி வைக்கக் கூடாது என்று சிலர் அவர்களை அறைக்குள் உட்கார வைக்கிறார்கள். இத்தா முடிந்த பெண்ணுக்கு நம் மார்க்கத்தில் அப்படியொரு தடை கிடையாது. வரன் அமையாத அக்காவையும், பெற்றோர் இல்லாத பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அந்த வாப்பாவின் மகளிடமும், என்ன வேண்டும் என்று கேட்டோம். "பெத்தும்மா கையால வச்சுவிடணும்" என்றாள். அவளுடைய பெத்தும்மா கணவரை இழந்தவர். மொட்டை மாடியில் பாய் விரித்து, நடுங்கும் விரல்களால் பேத்தியின் உள்ளங்கையில் ஒரு வட்டம் வைத்தார். மீதியைத் தோழிகள் போட்டார்கள். கடன் மனுவை அந்த வாப்பா தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நம் பிள்ளைகளின் இல்லறத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.