‘கணக்கு வராது’ என்று தீர்ப்புச் சொல்வது யார்?



இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்றால், “அப்ப கணக்குல புலியா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கணக்கு வந்தால்தான் இயற்பியலும் பொறியியலும் வரும் என்பது பொது நம்பிக்கை. அதில் பாதி உண்மை. கணிதம் இல்லாமல் இந்தத் துறைகளில் வெகுதூரம் போக முடியாது. அந்தத் திறமை சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கிறது என்பது மீதிப் பாதி. அது பொய். பிறப்பை வைத்துத் தகுதியை அளக்கும் பழைய புத்தி அது.

மைக்கேல் ஃபாரடே கொல்லர் மகன். 14 வயதில் புத்தக பைண்டிங் கடைக்கு வேலைக்குப் போனவர். உயர்கணிதம் படிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. கம்பிச்சுருளுக்குள் காந்தம் நகர்ந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் காட்டினார். ஜெனரேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் அதிலிருந்து வந்தவை. அவருடைய விசைக்கோடுகளைச் சமன்பாடுகளாக்கியவர் மேக்ஸ்வெல். ஒளியும் மின்காந்த அலைதான் என்பது அதன் பிறகே தெரிந்தது. கணக்கின் பலம் அது. அதே ஃபாரடே 1857இல் மேக்ஸ்வெலுக்குக் கடிதம் எழுதினார்: கணிதத்தில் கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லக் கூடாதா என்று கேட்டார். நம் வகுப்பறையில் எத்தனை பேர் இப்படிக் கேட்க முடிகிறது?

மேக்நாத் சாகா டாக்கா அருகே ஒரு கிராமத்துச் சிறு கடைக்காரரின் மகன். கல்கத்தா விடுதியில் உயர்சாதி மாணவர்கள் அவரோடு அமர்ந்து உண்ண மறுத்தார்கள். அவர் அங்கே படித்ததோ கணிதம். நட்சத்திர ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறிய உதவும் சமன்பாட்டை 1920இல் தந்தார்.

இங்கே பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கு மட்டும் 100. நுழைவுத் தேர்வை ஒழித்தோம். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. போராடித் திறந்த கதவு இது. உள்ளே வந்த பிள்ளை முதல் செமஸ்டர் எம்-1 தாளில் அரியர் வைக்கிறது. பிளஸ் டூவில் ‘அணிகள்’ என்று படித்ததுதான் இங்கே ‘மேட்ரிக்ஸ்’. கணக்கு அதேதான், காதுக்குத்தான் புதிது. பக்கத்தில் இருப்பவரோ இரண்டு வருடம் கோச்சிங் போய்விட்டு வந்தவர். இந்த இடைவெளிக்கு ‘மெரிட்’ என்று பெயர் வைக்கிறார்கள்.

விடுதியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். லேபில் சர்க்யூட் எங்கே கோளாறு என்று சட்டெனப் பிடிக்கிறவர்கள், அதன் சமன்பாட்டைப் போர்டில் எழுதினால் தலைகுனிகிறார்கள். எந்த உறுப்பு ரெசிஸ்டர், எது கெபாசிட்டர் என்று தமிழில் நிதானமாகச் சொன்னால் மீதியை அவர்களே போடுகிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது அரை மணி நேரமும், கேலி செய்யாத ஒரு ஆளும்தான்.

ஆகவே, கணக்கைக் குறையுங்கள் என்று நாம் கேட்க வேண்டியதில்லை. முதல் செமஸ்டரில் எல்லாக் கல்லூரியிலும் பிரிட்ஜ் கோர்ஸ் கேட்போம். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த பாடக் குறிப்புகள் கேட்போம். அவை வரும்வரை, சீனியர்களாகிய நாம் ஆளுக்கு இரண்டு பேருக்காவது சொல்லிக்கொடுப்போம். எம்-1 அரியரோடு ஒரு பிள்ளை ஊருக்குத் திரும்பிப் போனால், அந்த வீட்டிலிருந்து அடுத்த பிள்ளை கிளம்ப இன்னும் ஒரு தலைமுறை ஆகலாம்.

ஜெய்பீம்!