நடிப்பும் ஏடும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பகலில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணியாற்றி, இரவில் நாடக ஒத்திகைக்கு வரும் இளைஞர்கள் இங்கே பலர் அமர்ந்திருக்கின்றீர்கள். உங்களுக்குள் ஒரு வழக்கு நடப்பதாக அறிகின்றேன். எழுதிய வசனத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் பேசவேண்டும் என்பார் ஒரு சாரார். மேடையேறிய பின் நடிகனின் நாவே ஏடு என்பார் மறு சாரார். இது நேற்றுத் தோன்றிய வழக்கு அன்று.

திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்தாடும் தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தவர்கள் நாம். கூத்துக்கு ஏடு இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 'கர்ண மோட்சம்' முதலியவை பெரிய எழுத்துப் புத்தகங்களாகச் சென்னையில் அச்சிடப்பட்டுத் திருவிழாக் கடைகளில் விற்கப்பட்டன. ஆனால் அப்புத்தகத்தை ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம். கூத்தோ இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கின்றது. மிகுந்த அந்த நேரம் எங்கிருந்து வந்தது? விருத்தத்தை இழுத்துப் பாடும் குரலிலிருந்தும், தருவுக்கு ஆடும் காலிலிருந்தும், பின்பாட்டுக்காரரிடமிருந்தும், கட்டியக்காரனின் வாயிலிருந்தும் வந்தது. பாடல் பெரும்பாலும் மாறாது. வசனம் விரியும், சுருங்கும். வாத்தியாரிடம் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டவர்கள் இவ்வளவையும் காத்து வந்தனர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட நம் முன்னோருள் பலருக்குச் செவியே பள்ளிக்கூடமாக இருந்தது.

அந்தக் கர்ண மோட்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேரோட்டி வளர்த்த மகன் என்று கர்ணனை அவன் மனைவி பொன்னுருவியே இகழ்கின்றாள். போருக்குப் புறப்படும் வேளையில் கணவன் கேட்கும் சொல் அது. ஏட்டில் அது சில வரிகளே. பிறப்பைச் சொல்லி இழிவு செய்யப்படுவது இன்னதென்று அறிந்த ஒருவன் கர்ணனாக நின்று அதற்கு மறுமொழி கூறும்போது, அதே வரிகள் வேறு பொருள் கொள்கின்றன. சொல் ஒன்றும் மாறவில்லை. சொல்லுகின்றவன் யார் என்பது மாறியிருக்கின்றது. எழுத்தை நடிகன் மீறாமலே புதுப்பிக்க முடியும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கட்டியக்காரன் கதை வேறு. அவனுக்குப் பெரும்பாலும் எழுதிவைத்த வசனம் இல்லை. அரசன் அவைக்கு வருமுன் அவன் வந்து, ஊர்ப் பெரியதனக்காரரையும் கணக்கையும் கேலி செய்துவிடுகின்றான். காகிதத்தில் இருந்தால் அதற்காக அவனைப் பிடித்திருப்பார்கள்!

இது விளையாட்டுப் பேச்சு அன்று. நாடகத்தை ஆள நினைத்தவர்கள் முதலில் கை வைத்தது எழுத்துப் பிரதியின் மேல்தான். 1876ஆம் ஆண்டில் ஆங்கில அரசு நாடகங்களைத் தடை செய்யும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. விடுதலைக்குப் பின்னரும், 1954இல், சென்னை மாநிலத்தில் ஒரு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. எம். ஆர். இராதா 'இராமாயணம்' நாடகம் நடத்திவந்த காலம் அது. அவரைக் கருதியே இச்சட்டம் வந்ததெனப் பலரும் கூறினர். பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்க இச்சட்டம் அதிகாரம் அளித்தது. ஆனால் இராதாவின் ஆற்றல் பிரதிக்குள் அடங்கியதா? திருவாரூர் தங்கராசு எழுதிய 'இரத்தக் கண்ணீர்' நாடகத்தில் அன்றன்றைய செய்திகளையும் அவர் இடையில் புகுத்திப் பேசுவார். பின்னாளில் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதன்மையான பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலான காலம் கழித்து!

இதைக் கேட்டதும், ஏட்டை எறிந்துவிடலாம் என்று மகிழ வேண்டா. நினைத்ததைப் பேசும் உரிமை நடிகனைக் கெடுத்ததும் உண்டு. கம்பெனி நாடகங்களில் நடிகர்கள் ஒருவரை ஒருவர் மேடையில் மடக்குவதற்காகத் தர்க்கம் வளர்த்துக் கதையையே மறந்தனர். மூத்த நடிகர்களின் கட்டுக்கடங்காமையைக் கண்ட சங்கரதாஸ் சுவாமிகள், சிறுவர்களைக் கொண்டே நாடகம் பயிற்றினார். 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அவரே ஆசிரியர். சிறுவனாகச் சேர்ந்த தி. க. சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதித் தந்தார் என்பர். பாத்திரத்தை முன்னிட்டு எழுத்து பிறப்பது போலவே, நடிகனை முன்னிட்டும் எழுத்து பிறக்கும் என்பதை இது காட்டுகின்றது. நம் கூட்டங்களிலும் எழுதாமல் பேசும் நகைச்சுவை, சிறிது நேரத்தில் பெண்களை இழிவு செய்வதில் போய் முடிவதைக் கண்டு வருந்தியிருக்கின்றேன். அது கட்டியக்காரன் மரபு ஆகாது.

ஆகவே என் சார்பு இது: எழுதுங்கள், மனப்பாடம் செய்யுங்கள், அதன் பின்னரே விரித்துப் பேசுங்கள். ஏட்டை அறியாதவன் ஏட்டை மீறவும் அறியான். நம்மவர் வாழ்வை நம்மவரே எழுதி நடிக்கலாம் என்பதற்கு முனைவர் கே. ஏ. குணசேகரன் வழிகாட்டியிருக்கின்றார். பாடகராகவும் நடிகராகவும் பேராசிரியராகவும் விளங்கிய அவர், 'பலியாடுகள்' நாடகத்தை எழுதித் தமிழில் தலித் அரங்குக்கு வலிமை சேர்த்தார், 2016இல் மறைந்தார். காஞ்சிபுரத்திலே 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், பின்னர்ப் பள்ளிக் கல்வியையும் கூத்தையும் ஒரே கூரையின்கீழ்ப் பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கற்பித்தது. படிப்பு வந்தால் கூத்து போய்விடும் என்று அஞ்சுவோருக்கு இதைச் சொல்லுங்கள்.

நம் பகுதியில் முதிர்ந்த கூத்து வாத்தியார்கள் இன்னும் இருக்கின்றார்கள். முழு நாடகத்தையும் நெஞ்சில் வைத்திருப்பவர்கள் அவர்கள். விடுமுறை நாள்களில் இருவர் இருவராகச் சென்று கேளுங்கள். ஒருவர் எழுதட்டும், ஒருவர் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யட்டும். மெட்டையும் அடவையும் எழுத்து தாங்காது. எந்த ஊரில், எந்தத் திருவிழாவில் எவ்வாறு மாற்றிப் பேசினார்கள் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வாத்தியாரின் பெயரை முதற்பக்கத்தில் எழுதுங்கள். அக்குறிப்பேடுகளுக்கென நம் நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.